எம்.2 எஸ்எஸ்டியைப் பிடிக்கும் கால் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கம்ப்யூட்டரின் முக்கிய சர்க்யூட் பலகையான மதர்போர்டில் எம்.2 எஸ்எஸ்டியை, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் மெல்லிய பட்டையை, பிடித்து வைக்கும் குட்டி ஸ்க்ரூ தொலைந்துவிட்டது, அல்லது அது ஏறும் பித்தளைக் கால் உடைந்துவிட்டது, இனி போர்டையே மாற்றணுமா என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. மாற்ற வேண்டியதில்லை. சில ரூபாய்ப் பொருள்தான் அது. ஆனால் நம் மலையில் கேட்ட உடனே கிடைக்காது. கோவை காந்திபுரம் போய்வர ஒரு நாள் போய்விடும். கூரியரில் வரவழைக்கலாம் என்றால், ஐப்பசி மழையில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் பார்சல் எப்போது மேலே ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதுவரை தேயிலைக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் நிற்காமல் இருக்க, கையில் இருப்பதை வைத்துப் பாதுகாப்பாக என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பக்கம். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, எஸ்எஸ்டி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. கெட்டுப்போச்சா?

இல்லை. ஸ்க்ரூ இல்லாதபோது எல்லா எம்.2 எஸ்எஸ்டியும் அப்படித்தான் நிற்கும். 22 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பட்டையைச் சாய்வாகத்தான் ஸ்லாட்டுக்குள் தள்ளுகிறோம். உள்ளே மேலும் கீழுமாக ஸ்பிரிங் போன்ற பின்கள் வரிசையாக இருக்கின்றன. அவைதான் மறுமுனையை மேலே தூக்குகின்றன. அந்த முனையை விரலால் படுக்க வைத்து, அங்கே இருக்கும் அரைவட்ட வெட்டின் மேல் ஸ்க்ரூவின் தலை உட்கார்ந்தால் முடிந்தது.

ஆக, மறுமுனையைத் தாழ்த்தி அசையாமல் பிடிப்பது மட்டும்தான் அந்த ஸ்க்ரூவின் வேலை. கீழே சொல்லியிருக்கும் எல்லா வழிகளும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

என்னோடது எந்த மாதிரி உடைஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லாட்டுக்கு எதிர்ப்பக்கம், பெரும்பாலான எஸ்எஸ்டிக்கு 80 மில்லிமீட்டர் தள்ளி, ஒரு பித்தளைக் கால் இருக்க வேண்டும். கடைகளில் ஸ்டாண்ட்ஆஃப் என்று கேட்டால் தருவார்கள். கால் இருந்து ஸ்க்ரூ மட்டும் இல்லையென்றால் மிகச் சின்ன பிரச்சினை. கால் இருக்கும் இடத்தில் மரை உள்ள துளை மட்டும் தெரிந்தால், கால் கழன்றிருக்கிறது, உடையவில்லை. புதுக்கால் கிடைத்தால் கையாலேயே ஏற்றிவிடலாம். துளையைச் சுற்றிச் செம்பு உரிந்திருந்தாலோ, வெறும் ஓட்டை மட்டும் இருந்தாலோதான் உண்மையில் உடைந்தது.

புது போர்டுகளில் ஸ்க்ரூவுக்குப் பதில் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கி வருகிறது. லேப்டாப்பில் சிலவற்றில் கால் போர்டில் இல்லாமல் அடிப்பக்க பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். இவை இரண்டுக்கும் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஸ்க்ரூ மட்டும்தான் தொலைஞ்சது. வீட்டுல கிடக்குற ஏதாவது சின்ன ஸ்க்ரூவைப் போட்டா ஆகாதா?

பெரும்பாலும் வேண்டியது 2 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஸ்க்ரூ. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ அதைவிட மெல்லியது, பிடிக்காது. கேபினெட் ஸ்க்ரூவும் ஹார்ட் டிஸ்க் ஸ்க்ரூவும் பெரியவை. அவற்றைப் பலவந்தமாக ஏற்றினால் நல்லாயிருந்த காலின் மரையும் போய்விடும். பழைய, ஓடாத லேப்டாப் ஏதாவது இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். வைஃபை கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ பல நேரம் இதே அளவாக இருக்கும்.

விரலால் சுற்றும்போதே இரண்டு சுற்றாவது தானாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது வேறு அளவு. நீளம் அதிகமாக இருந்தால் அடியில் முட்டி, தலை எஸ்எஸ்டியைத் தொடாமலே நின்றுவிடும். இறுகிவிட்டது என்று நினைப்போம், பட்டை ஆடிக்கொண்டே இருக்கும்.

ஸ்க்ரூ இல்லாமலே ஓடுதே சார், அப்படியே விட்டா என்ன?

ஓடும். எத்தனை நாள் ஓடும் என்பதுதான் கேள்வி. சாய்ந்து நிற்கும்போது பின்களில் சில அரைகுறையாகத்தான் தொடும். ஃபேன் அதிர்விலோ, சூடேறி ஆறும்போதோ ஒரு நொடி தொடர்பு விட்டால் போதும், விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறுந்து போகும். சில சமயம் பூட் டிவைஸ் இல்லை என்று வரும், அணைத்துப் போட்டால் சரியாகும், திரும்பவும் வரும். இந்த ஆட்டத்தைப் பார்த்து எஸ்எஸ்டி போய்விட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் உண்டு. அதுவும் அதே காலில்லாத இடத்தில்தானே நிற்கப்போகிறது.

கம்ப்யூட்டரை நகர்த்தும்போது தூக்கி நிற்கும் முனை எதிலாவது இடித்தால், நெம்பி ஸ்லாட்டே உடையும். அது பெரிய செலவு.

அந்த ஸ்க்ரூ வழியாத்தான் எர்த் போகுதுன்னு சொல்றாங்க. பிளாஸ்டிக்கால கட்டினா ஷார்ட் ஆகாதா?

அரைவட்ட வெட்டைச் சுற்றி இருக்கும் உலோகப் பூச்சு கிரவுண்டோடு, அதாவது நீங்கள் சொல்லும் எர்த்தோடு, இணைந்திருப்பது உண்மை. ஆனால் ஸ்லாட்டுக்குள் இருக்கும் பின்களிலேயே பல கிரவுண்ட் பின்கள்தான். எஸ்எஸ்டிக்கு வரும் 3.3 வோல்ட்டும் அதன் திரும்பு வழியும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் கொக்கியோடு கம்பெனிகளே போர்டு விற்பதிலிருந்தே இது தெரியும்.

பயப்பட வேண்டியது இரும்பையும் கம்பியையும்தான். காலுக்குப் பதில் செம்புக் கம்பி முறுக்குவது, பேப்பர் கிளிப் வளைத்து வைப்பது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து அடியில் கொடுப்பது, இதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒன்று நழுவினால் போர்டு போய்விடும்.

ஆரம்பிக்கும் முன்னாடி என்னென்ன பாத்துக்கணும்?

கம்ப்யூட்டர் இன்னும் பூட் ஆகிறது என்றால், முதலில் முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பிறகு ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப் என்றால் அடிப்பக்க மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் வேறெதையும் தொடக்கூடாது.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. தை, மாசியில் காற்று காய்ந்து குளிரும்போது ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கிறதல்லவா, அது சில்லுகளைக் கொல்லப் போதுமானது. ஸ்வெட்டரையும் ஷாலையும் வேறு அறையில் கழற்றி வைத்துவிட்டு வந்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கம்பளி விரித்த கட்டிலில் வைத்துச் செய்யாதீர்கள். மர மேசை போதும்.

ஸ்க்ரூவைச் சுத்தினா காலும் சேர்ந்து சுத்துது, எஸ்எஸ்டியைக் கழட்டவே முடியல.

இது அடிக்கடி நடப்பது. ஸ்க்ரூ காலோடு இறுகிவிட்டது, கால் போர்டிலிருந்து கழல்கிறது. சுற்றிக்கொண்டே போங்கள். கால், ஸ்க்ரூ, எஸ்எஸ்டி மூன்றும் ஒன்றாக வெளியே வந்துவிடும். வெளியே எடுத்த பிறகு காலை நோஸ் பிளேயரில் பிடித்து ஸ்க்ரூவைப் பிரியுங்கள். அப்புறம் காலை மட்டும் போர்டில் விரலால் ஏற்றி, பிளேயரால் லேசாகக் கால்வாசிச் சுற்று இறுக்கினால் போதும்.

ஸ்க்ரூவின் தலை வழுக்கினால், தலைக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவில் அகலமான ரப்பர் பேண்டை வைத்து அழுத்திச் சுற்றிப் பாருங்கள். பிளஸ் முனை டிரைவரின் அளவு பிஎச்0 அல்லது பிஎச்1 ஆக இருக்க வேண்டும். தலை வழுக்குவதற்குப் பாதிக் காரணம் அளவு தப்பான டிரைவர்தான்.

கால் உடைஞ்சே போச்சு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஓடணும். என்ன வழி?

கேப்டான் டேப். செல்போன் சர்வீஸ் செய்கிற எல்லோரிடமும் இருக்கும், தேன் நிறத்தில் மெல்லிசாக இருக்கும். குன்னூரோ கூடலூரோ, பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த மொபைல் கடையில் கேட்டாலும் ஒரு முழம் கொடுப்பார்கள். 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், மின்சாரம் கடத்தாது, இழுத்தால் நீளாது, உரித்தால் பிசின் அதிகம் ஒட்டாது. இந்த நான்கும் ஒன்றாகச் சாதாரண டேப்களில் கிடைக்காது.

முதலில் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். கால் இருந்த உயரத்துக்கு எதையாவது வைக்காமல் டேப்பை இறுக்கினால் எஸ்எஸ்டி வில்லாக வளையும். அந்தப் பட்டையின் தடிமனே 0.8 மில்லிமீட்டர்தான், வளைந்தால் சில்லுகளின் ஈயப்பிடிப்பு விரியும். முட்டுக்கு நல்லது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற சிலிக்கோன் தெர்மல் பேட். துண்டுகளை அடுக்கி வைத்து, பட்டை ஸ்லாட்டிலிருந்து நேர்க்கோட்டில் வருகிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். துளி மேலே இருந்தால் ஒரு துண்டைக் குறையுங்கள்.

பிறகு போர்டில் டேப் ஒட்டப்போகும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூடுபனி நாளில் போர்டு மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும், துடைக்காமல் ஒட்டினால் காலையில் கழன்று கிடக்கும். எஸ்எஸ்டியின் முனைமேல் குறுக்கே இரண்டு பட்டைகள், இரண்டு பக்கமும் போர்டில் இரண்டு விரல்கடை படும்படி. சில்லுகள் மேல் முழுக்கச் சுற்ற வேண்டாம், சூடு வெளியேற வேண்டும். பின்னால் உரிக்கும்போது மெதுவாக, படுக்கைவாட்டில் உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அரிசிக் குருணையைவிடச் சின்ன கெபாசிட்டர்கள் டேப்போடு வந்துவிடும்.

கேப்டான் டேப் கிடைக்கல. கரண்ட்காரங்க டேப், செல்லோடேப்?

செல்லோடேப் வேண்டவே வேண்டாம், சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஓரிரு நாளுக்குத் தாங்கும். ஆனால் எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு வேலை அதிகமானால் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் பிவிசி டேப்பின் பசை இளகி, மெதுவாக நழுவ ஆரம்பிக்கும். ஒட்டியவர் கண்ணுக்கு ஒட்டியபடியேதான் இருக்கும், முனை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் எழும்பியிருக்கும். அதற்குப் பதில் அடுத்த வழியைப் பாருங்கள்.

கேபிள் டை போட்டுக் கட்டலாம்னு கேள்விப்பட்டேன். எப்படிங்க?

டெஸ்க்டாப் போர்டில் கால் இருந்த துளை ஊடுருவித் தெரிகிறது என்றால், எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பசை இல்லை, உலோகம் இல்லை, வெட்டி எடுத்தால் போர்டு பழையபடி. ஒரே சிரமம், போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

2.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய டை இரண்டு வேண்டும். ஒன்றை போர்டின் பின்பக்கமிருந்து துளை வழியாக மேலே இழுங்கள். அதன் தலை பின்னால் தங்கி நிற்கும். மேலே வந்த வாலில் ஒரு குழாய்த் துண்டைக் கோத்துவிடுங்கள், அதுதான் கால். குழாய்க்கு 4 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரில் செம்பை உருவிவிட்டு மேலுறையை எடுத்துக்கொள்ளலாம், வால் அதற்குள் நுழையும். கால் உயரத்துக்கு நேராக வெட்டுங்கள், கோணலாக வெட்டினால் எஸ்எஸ்டியும் கோணும். இப்போது எஸ்எஸ்டியை ஸ்லாட்டில் செருகிப் படுக்க வையுங்கள், வால் அரைவட்ட வெட்டுக்குள் வந்து உட்காரும்.

இரண்டாவது டையின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வாலில் நட்டு மாதிரி ஏற்றுங்கள். டை எந்தப் பக்கம் பூட்டும் என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள், தலைகீழாக ஏற்றினால் பிடிக்காது. ஒவ்வொரு பல்லாக டிக், டிக் என்று இறங்கும். தலை எஸ்எஸ்டியின் விளிம்பைத் தொட்டதும் இன்னும் ஒரு பல், அவ்வளவுதான். மிச்ச வாலை வெட்டுங்கள். போர்டைத் திரும்ப மாட்டும் முன் பின்பக்கத் தலை கேபினெட் தகட்டில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் தலையின் மேற்புறத்தை பிளேடால் கொஞ்சம் சீவிவிடலாம்.

நைலான் ஸ்க்ரூ, நட்டு இருக்கு. அது கேபிள் டையைவிட நல்லதா?

நல்லது. செய்முறை அதேதான். பின்னாலிருந்து ஸ்க்ரூ, மேலே ஒரு நட்டு, அதன் மேல் எஸ்எஸ்டி, அதற்கு மேல் இன்னொரு நட்டு. மேல் நட்டின் அகலத்தைக் கவனியுங்கள், பக்கத்துச் சில்லின் மேல் ஏறக்கூடாது. இரும்பு ஸ்க்ரூதான் இருக்கிறது என்றால் போர்டின் இரண்டு பக்கமும் நைலான் வாஷர் கட்டாயம்.

ஃபெவிகுவிக் ஒரு சொட்டு விட்டா நிமிஷத்துல முடிஞ்சிடுமே?

முடிந்துவிடும், எஸ்எஸ்டியும் சேர்ந்து. அந்தப் பசை தண்ணீர் போல ஓடும். இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தானாக இழுத்துக்கொள்ளும், ஸ்லாட்டின் பின்களுக்குள்ளும் போகும். காயும்போது கிளம்பும் ஆவி சுற்றியுள்ள இடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். நாளைக்கு எஸ்எஸ்டியை மாற்ற வேண்டுமென்றால் நெம்பித்தான் எடுக்க வேண்டும், நெம்பினால் போர்டின் கோடுகள் உரியும்.

குளூ கன்னும் வேண்டாம். கைவினைக்கு விற்கும் குச்சிகள் எஸ்எஸ்டியின் சூட்டிலேயே இளகும்.

அப்போ அரால்டைட்?

எஸ்எஸ்டியை ஒட்ட அல்ல, காலை ஒட்ட மட்டும். உடைந்த பித்தளைக் கால் கையில் இருக்கிறது, போர்டில் பிடிப்பு இல்லை என்றால், காலின் அடியில் அரால்டைட் என்ற இரண்டு டியூப் எபாக்சிப் பசையைக் கலந்து வைத்து அதே இடத்தில் நிறுத்தலாம். எஸ்எஸ்டி வழக்கம்போல் ஸ்க்ரூவில்தான் நிற்கும். ஆக, பின்னாலும் கழற்றலாம். காயும்வரை கால் நேராக நிற்க, எஸ்எஸ்டியை மாட்டி ஸ்க்ரூவை லேசாகப் பிடித்து வைத்துப் பொருத்திப் பாருங்கள். எஸ்எஸ்டிக்கும் காலுக்கும் நடுவில் பசை ஏறாமல் இருக்க ஒரு துண்டு கேப்டான் டேப் போதும். ஸ்டீல் தூள் கலந்த எபாக்சி வாங்காதீர்கள். எம்-சீல் பைப்புக்குத்தான், இந்த இடத்துக்கு அது தடிமன்.

இங்கேதான் நம் குளிர் குறுக்கே வருகிறது. எபாக்சி வேதிவினையால்தான் இறுகும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் எடுக்கும். டியூபில் போட்டிருக்கும் நேரம் கீழ்நாட்டு வெயிலுக்கு. மார்கழியில் உதகையில் உறைபனி விழும் இரவில் ஒட்டிவிட்டுக் காலையில் ஸ்க்ரூவை இறுக்கினால் கால் கையோடு வந்துவிடும். பகல் வெயில் படும் ஜன்னலோரம் வைத்து, இரண்டு நாள் விடுங்கள். கலவையில் மிச்சம் இருப்பதை ஒரு அட்டையில் தடவிப் பக்கத்திலேயே வையுங்கள். அதை நகத்தால் கீறிப் பார்த்து, தடம் விழவில்லை என்றால்தான் கால் தயார்.

சால்டர் வச்சுட்டா நிரந்தரமா நிக்காதா?

நிற்கும், சரியான ஆள் செய்தால். காலைச் சுற்றியுள்ள செம்பு போர்டின் பெரிய கிரவுண்ட் தளத்தோடு சேர்ந்தது. வைக்கிற சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். ரேடியோ ரிப்பேர் செய்யும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பித்தளைக் காலைச் சூடேற்றவே திணறும். அதிக நேரம் வைத்தால் மிச்சச் செம்பும் உரியும். கீழிருந்து போர்டையே சூடாக்கி, மேலே ஹாட் ஏர் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் கொடுங்கள்.

கொக்கி மாதிரி பிளாஸ்டிக் லாட்ச் முறிஞ்சுபோச்சு.

முதலில் போர்டு வந்த பெட்டியைத் தேடுங்கள், சில கம்பெனிகள் கூடுதலாக ஒன்று வைத்திருப்பார்கள். பல போர்டுகளில் கொக்கியைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் பித்தளைக் காலும் ஏறும். இரண்டும் இல்லையென்றால் கொக்கியின் அடிப்பாகம் இன்னும் நிற்கிறதா பாருங்கள். நின்றால் அதுவே முட்டு, மேலே கேப்டான் டேப் மட்டும் போதும்.

என்னோடது லேப்டாப். அடி பிளாஸ்டிக்கோட கால் பிஞ்சு வந்துடுச்சு.

லேப்டாப்பில் நமக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, அடிப்பக்க மூடி. மூடியை மாட்டும்போது அதுவே எஸ்எஸ்டியின் முனையை அழுத்தும்படி செய்துவிட்டால் ஸ்க்ரூ வேலை முடிந்தது. மேலே சொன்னபடி அடியில் முட்டு கொடுத்து, முனையின் மேல் ஒரு சின்ன தெர்மல் பேட் துண்டை வைத்து மூடிப் பாருங்கள். மூடி கஷ்டப்படாமல் ஒட்டி உட்கார வேண்டும். புடைத்து நின்றால் பேட் தடிமன் அதிகம். அந்த அழுத்தம் எஸ்எஸ்டியைத் தாண்டி போர்டையே வளைக்கும்.

பார்சலில் வரும் வெள்ளை தெர்மோகோலை வைக்காதீர்கள். பொடிந்து உதிரும், நிலைமின்சாரமும் சேரும்.

டெஸ்க்டாப்புல எஸ்எஸ்டி மேல ஹீட்சிங்க் இருக்கு. அதுவே பிடிச்சுக்காதா?

பல போர்டுகளில் பிடித்துக்கொள்ளும். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் தன் இரு முனையிலும் சொந்த ஸ்க்ரூவில் போர்டோடு இறுகும், எஸ்எஸ்டி நடுவில் அமுங்கும். ஆனால் அடியில் முட்டு இல்லாமல் ஹீட்சிங்கை இறுக்கினால் பட்டை நடுவில் வளையும். அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஹீட்சிங்கின் ஒரு முனை அந்த உடைந்த காலிலேயே ஏறுகிறது என்றால் இந்த வழி இல்லை.

இந்த ஸ்லாட்டே வேண்டாம். வேற இடத்துல மாட்ட வழி இருக்கா?

டெஸ்க்டாப் என்றால் இருக்கிறது. போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் அதில் மாட்டலாம். இல்லையென்றால் பிசிஐஇ அடாப்டர் கார்டு. கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி செருகிவிட்டு, எஸ்எஸ்டியை அந்தக் கார்டின் மேல் பூட்டலாம். கால், ஸ்க்ரூ எல்லாம் அதனோடே வரும். நீண்ட காலத்துக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இந்தச் சாதாரண கார்டுகள் என்விஎம்இ என்ற வேகமான ரக எஸ்எஸ்டிக்குத்தான். தங்க முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது சாட்டா என்ற பழைய ரகம், ஓடாது. 2014-க்கு முந்தைய பெரும்பாலான போர்டுகள் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது, கூடுதல் டிரைவாக மட்டும் தெரியும். அப்புறம் பிட்லாக்கர், டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. எஸ்எஸ்டியை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். அதே கம்ப்யூட்டரில் இடம் மாற்றினாலும் சில நேரம் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று கழற்றும் முன்பே பார்த்து எழுதி வையுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்களில் நாம் கேட்காமலே அது இயங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

மாட்டியாச்சு, ஓடுது. சரியா உட்கார்ந்திருக்குன்னு எப்படி நம்புறது?

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் இப்போது ஓடும் வேகமும், ஓட முடிந்த வேகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் எக்ஸ்4 என்று இருந்தால் நான்கு பாதையும் தொட்டிருக்கிறது. முன்பு எக்ஸ்4 ஆக இருந்தது இப்போது எக்ஸ்2 அல்லது எக்ஸ்1 என்று குறைந்திருந்தால், ஏதோ பின் சரியாகத் தொடவில்லை. கழற்றித் திரும்பச் செருகுங்கள். போர்டே எக்ஸ்2 மட்டும் தரும் ஸ்லாட்டாக இருந்தால் அது வேறு விஷயம்.

அதே பட்டியலில் திடீரென அணைந்த தடவைகளின் எண்ணிக்கையும் இருக்கும். இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனதையும் அது சேர்த்துத்தான் எண்ணும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகாமலே எண் ஏறினால் பிடிப்பு விடுகிறது. பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தபடியே வெப்பத்தையும் பாருங்கள். டேப்போ முட்டோ காற்றை அடைத்திருந்தால் அங்கே தெரியும்.

மலை உயரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? ஊட்டியில ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போகும்னு சொல்றாங்களே.

சுழலும் ஹார்ட் டிஸ்கில் எழுதும் முனை மெல்லிய காற்றுப்படலத்தின் மேல் மிதக்கிறது, அதனால் அதற்கு உயர வரம்பு உண்டு. பொதுவாகத் தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய 3,000 மீட்டர் வரை அனுமதிக்கிறார்கள். உதகை 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கவலை வேண்டாம். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை, உயரம் அதைத் தொடாது.

ஈரம்தான் தொடும். அடுத்த பதிலின் கடைசியில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கோயம்புத்தூருக்கு மாத்தலாகிப் போறோம். காட் ரோட்டுல இறங்கும்போது டேப் விட்டுடாதா?

விடலாம். கொண்டை ஊசி வளைவுகளில் லாரியில் குலுங்கிப் போகும்போது நல்ல ஸ்க்ரூவே தளரும். கேபிள் டை என்றால் அப்படியே கொண்டுபோகலாம். டேப் என்றால் கிளம்பும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றி, நிலைமின்சாரம் தடுக்கும் உறையில் போட்டுக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கீழே போனதும் உடனே போடாதீர்கள். மேலே குளிர்ந்து கிடந்த கம்ப்யூட்டர் மேட்டுப்பாளையம் தாண்டிய புழுக்கத்தில் வியர்க்கும். ஜன்னல் கண்ணாடியில் நீர் படிவது போல போர்டிலும் படியும். இரண்டு மணி நேரமாவது அறை வெப்பத்தில் விட்டுவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.

ஸ்லாட்டே ஆடுது. உள்ளே ஒரு பின் வளைஞ்ச மாதிரி இருக்கு. இதுக்கும் டேப் போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் இதற்குப் பொருந்தாது. ஸ்லாட் ஆடினால் அதன் ஈயப்பிடிப்பு விட்டிருக்கிறது. அப்படியே கரண்ட் கொடுத்தால் எஸ்எஸ்டியும் போகலாம். எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, டெஸ்க்டாப் என்றால் அடாப்டர் கார்டுக்குப் போங்கள். லேப்டாப் என்றால் சில்லு அளவில் வேலை செய்யும் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். டேட்டா அவசரமென்றால் யூஎஸ்பி என்விஎம்இ பெட்டியில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் எடுக்கலாம்.

வாரண்டி இருக்கு. நானே இதெல்லாம் செஞ்சா போயிடுமா?

உடைந்த காலை வாரண்டியில் மாற்றித் தருவது அபூர்வம், கையால் வந்த சேதம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் போர்டில் நாளைக்கு வேறு கோளாறு வந்தால் அதற்கு வாரண்டி வேண்டுமே. டேப்பையும் கேபிள் டையையும் தடம் தெரியாமல் எடுத்துவிடலாம். எபாக்சியையும் சால்டரையும் எடுக்க முடியாது. வாரண்டி முடியாத போர்டில் அவை இரண்டையும் தொடாதீர்கள். எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் உரிக்க வேண்டாம்.

சரி, சரியான கால் வாங்கியே போட்டுடுறேன். கடையில எப்படிக் கேக்கணும்?

எம்.2 ஸ்டாண்ட்ஆஃப் வேண்டும் என்று மட்டும் சொன்னால் பத்து ரகம் காட்டுவார்கள். போர்டின் மாடல் பெயரைச் சொல்லுங்கள், ஸ்லாட்களுக்கு நடுவில் பெரிதாக அச்சடித்திருக்கும். லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண். துளையின் அருகில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

உயரம் தெரியாமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் போர்டுக்குப் போர்டு மாறும். வெர்னியர் இல்லாவிட்டால், சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளைச் சின்ன துண்டுகளாக்கி எஸ்எஸ்டி முனைக்கு அடியில் அடுக்குங்கள். பட்டை ஸ்லாட்டுக்கு நேராக வந்ததும் தாள்களை எண்ணுங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஆக 32 தாள் என்றால் 3.2 மில்லிமீட்டர் கால். அளந்தது போலவே ஒன்றுக்கு இரண்டாகக் கேளுங்கள், ஸ்க்ரூவையும் சேர்த்து. மிச்சத்தை ஒரு துண்டு டேப்பில் ஒட்டிக் கேபினெட்டின் உட்பக்கக் கதவில் வைத்துவிடுங்கள்.